விசில் காதைக் கெடுக்குமா? எரிச்சலூட்டும் ஒலியும் கேடு செய்யும் ஒலியும்

மும்பை தாராவியின் 90 அடிச் சாலையில் காலை எட்டரை மணிக்கு நிற்பவர் காதில் ஐந்து நிமிடத்துக்குள் நான்கு வகை விசிலாவது விழுந்துவிடும். சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பு வீடுகளின் திறந்த கதவுகளுக்குள்ளிருந்து குக்கர் விசில், சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலரின் விசில், வண்டியைப் பின்னுக்கு எடுக்க வழிகாட்டும் காவலாளியின் விசில், நாக்கை மடித்துப் பையன்கள் அடிக்கும் சீட்டி. இவற்றில் எது காதைக் கெடுக்கும், எது எரிச்சலை மட்டும் தரும் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் விடை ஒன்றுதான்: எது அதிகமாகக் காதைத் துளைக்கிறதோ அதுவே கெடுதல். அந்த விடை பாதிதான் சரி.

விநாயகர் சதுர்த்தி நெருங்கும்போதும், ஒலிபெருக்கி பற்றிய வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போதும் செய்திகளில் 45, 55, 75, 85 என்று பல டெசிபல் எண்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் வேறொன்றைக் குறிக்கிறது என்று எவரும் விளக்குவதில்லை. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

டெசிபல்: கூட்டல் கணக்கன்று, பெருக்கல் கணக்கு

டெசிபல் ஒலியின் வலிமையை அளக்கும் அலகு. கிலோவையும் லிட்டரையும் போல இதை எண்ணக் கூடாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1,000 மடங்கு. செய்தியில் "வரம்பு 55, பதிவானது 85" என்று படிப்பவர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மீறல் என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அங்கே பாய்ந்த ஒலி ஆற்றல் ஆயிரம் மடங்கு. 3 டெசிபல் கூடினாலே ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். இந்த மூன்று என்ற எண்ணைப் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சேதத்தின் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஒலிக்கு வலிமை மட்டுமின்றி, சுருதி என்ற இன்னொரு முகமும் உண்டு. ஒரு விநாடியில் காற்று எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அளவு, அலகு ஹெர்ட்ஸ். இளம் வயதில் மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். டோல் மேளத்தின் அடிநாதம் கீழ்க்கோடியில் இருக்கிறது. விசில்கள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கும் 4,000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் ஒலிக்கின்றன. விசிலைப் பற்றிய எல்லாச் சிக்கலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஒரு விசிலுக்குள் நடப்பது

காவலர் கையில் இருக்கும் வழக்கமான விசிலைப் பக்கவாட்டில் பார்த்தால் நத்தை போல ஒரு வட்ட அறை, அதற்கு ஊதும் குழல், மேலே ஒரு வெட்டு. ஊதும் காற்று மெல்லிய தகடாக வந்து அந்த வெட்டின் கூரிய விளிம்பில் மோதுகிறது. மோதிய காற்று ஒரு கணம் அறைக்குள்ளும் மறுகணம் வெளியிலுமாக மாறி மாறிச் சாய்கிறது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும் இந்தச் சாய்வே ஒலியாகிறது. அறை சிறிதாக இருந்தால் சுருதி உயரும்.

அறைக்குள் ஒரு தக்கை உருண்டை கிடக்கும். காற்றின் சுழலில் அது ஓடி ஓடி வெட்டை மறைத்தும் திறந்தும் விடுவதால், ஒலி ஒரே சீராக வராமல் நடுங்கி நடுங்கி வருகிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜோசப் ஹட்சன் 1884-இல் கொண்டுவந்த அமைப்பு இது. அந்த நடுக்கம் தற்செயலானதன்று. கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கவனத்தை இழுப்பதே அதன் வேலை. ஒரே சீரான ஒலியை மூளை சிறிது நேரத்தில் பின்னணிக்குத் தள்ளிவிடும். நடுங்கும் ஒலியை அப்படித் தள்ள முடிவதில்லை.

காதின் குழலே ஒரு பெருக்கி

வெளிக்காதிலிருந்து செவிப்பறை வரை செல்லும் குழலின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். ஒரு முனை திறந்தும் மறுமுனை மூடியும் இருக்கும் குழல், தன் நீளத்தைப் போல நான்கு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலியை மிகுத்துக் காட்டும் என்பது பள்ளி இயற்பியல். நான்கு மடங்கு என்றால் 10 சென்டிமீட்டர். காற்றில் ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் செல்கிறது. 340 மீட்டரை 10 சென்டிமீட்டரால் வகுத்தால் 3,400 ஹெர்ட்ஸ் வருகிறது. அதாவது, விசிலின் சுருதி விழும் இடத்திலேயே நம் காதுக் குழல் தானாகவே ஒலியைப் பெருக்குகிறது. இந்தப் பெருக்கம் 10 டெசிபலுக்கு மேலும் இருக்கும். விசில் துளைப்பது போலத் தோன்றுவது வெறும் மனப்பிரமை அன்று. செவிப்பறையை அது உண்மையிலேயே வலுத்துத் தாக்குகிறது.

செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள். அங்கவடியே உடலின் மிகச் சிறிய எலும்பு. நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். அதை இழுத்துப் பிடிக்க ஒரு தசை இருக்கிறது. பேரொலி கேட்டதும் அது சுருங்கி எலும்புகளின் அசைவைக் குறைக்கிறது. இயற்கை தந்த காவல்தான். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, அது செயல்படச் சில பத்து மில்லி விநாடிகளாவது ஆகும். அதற்குள் வெடிச் சத்தம் உள்ளே போய்விடும். இரண்டு, அது தாழ்ந்த சுருதிகளையே நன்றாகத் தடுக்கும். 3,000 ஹெர்ட்ஸ் விசிலுக்கு முன்னால் அந்தக் காவல் ஏறக்குறைய பயனற்றது.

அங்கவடி தட்டும் கதவுக்கு அப்பால் உள்காது. அங்கே காக்ளியா என்ற நத்தைச் சுருள், இரண்டரைச் சுற்று, நீட்டிப் பிடித்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அதற்குள் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் உள்வரிசை மயிர்ச்செல்கள் சுமார் 3,500. ஒலியைக் கூர்மையாக்கித் தரும் வெளிவரிசைச் செல்கள் சுமார் 12,000. காக்ளியாவின் நுழைவாயிலுக்கு அருகில் உயர் சுருதிகளும் உட்கோடியில் தாழ் சுருதிகளும் பதிவாகின்றன. காக்ளியாவுக்குள் ஒலி அலையாக ஓடும் இந்த இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக கேயார்க் வான் பேக்கேஷி 1961-இல் நோபல் பரிசு பெற்றார்.

மனிதனுக்குப் பிறவியில் கிடைக்கும் மயிர்ச்செல்கள் அவ்வளவே. பறவைகளுக்கு இவை மீண்டும் முளைக்கின்றன, பாலூட்டிகளுக்கு முளைப்பதில்லை. தோல் உரிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் சேரும். இந்தச் செல் செத்தால் செத்ததுதான். காது பற்றிய எச்சரிக்கைகளை மிகைப்படுத்தல் என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது

கரும்பலகையில் நகத்தால் கீறும் ஒலியை நினைத்தாலே பலருக்கு உடல் கூசும். 1986-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த வகை ஒலியிலிருந்து மிக உயர்ந்த சுருதிகளை நீக்கிப் பார்த்தார்கள், அருவருப்பு குறையவில்லை. நடுச் சுருதிகளை நீக்கியபோதுதான் குறைந்தது. பின்னர் 2011-இல் ஜெர்மனி, ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கேட்கச் சகிக்காத பகுதி 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் இருப்பதைக் காட்டினார்கள். அதே ஒலியை நவீன இசையின் பகுதி என்று சொல்லிக் கேட்க வைத்தபோது, கேட்டவர்கள் அதைச் சற்றுக் குறைவாகவே வெறுத்தார்கள். 2012-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சுக்பிந்தர் குமார் குழுவினர் மூளைப் படங்களை எடுத்தபோது, இத்தகைய ஒலிகளின்போது அச்சத்தையும் எச்சரிக்கையையும் கையாளும் அமிக்டலா என்ற பகுதி, கேட்டல் பகுதியின் செயலைத் தூண்டிவிடுவதைக் கண்டார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எரிச்சலுக்கு மூன்று ஊற்றுகள் தெரிகின்றன.

1. சுருதி. காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடைவெளியில் விழும் ஒலி.

2. நடுக்கம். விநாடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்கும் கரகரப்பு. மனித அலறலின் அடையாளமே இந்தக் கரகரப்புத்தான் என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தையின் வீறிடலை நம்மால் புறக்கணிக்க முடியாததும் இதனால்தான்.

3. பொருள். ஒலி எதற்காக வருகிறது, யார் எழுப்புகிறார்கள், நிறுத்த நம்மால் முடியுமா என்பவை. சொந்த வீட்டுக் குக்கர் விசில் சமையலின் கடிகாரம். "மூணு விசில் வந்ததும் அணைச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அதே விசில் பக்கத்து வீட்டிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தால் தொல்லை. டெசிபல் மாறவில்லை, உறவுதான் மாறிவிட்டது.

இந்த மூன்றாவது ஊற்று சிலருக்கு அளவுகடந்து பெருகும். மெல்லும் ஒலி, உறிஞ்சிக் குடிக்கும் ஒலி, பேனாவைச் சொடுக்கும் ஒலி ஆகியவற்றைக் கேட்டதும் தாங்கமுடியாத சினமோ பதற்றமோ எழும் நிலைக்கு மிசோஃபோனியா என்று பெயர். 2001-இல் ஜாஸ்ட்ரெபாஃப் இணையர் இட்ட பெயர் அது. இவர்களுடைய காதில் பெரும்பாலும் எந்தக் குறையும் இருப்பதில்லை. "இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று வீட்டார் கேட்பது அவர்களை மேலும் தனிமைப்படுத்துகிறது. ஒலிக்கும் உணர்ச்சிக்கும் இடையிலான மூளைத் தொடர்பு அவர்களிடம் வேறு விதமாக இயங்குகிறது. அதைப் பிடிவாதம் என்று பழிப்பது நியாயமன்று.

எரிச்சல் காதைக் கெடுக்காவிட்டாலும் உடலை விட்டுவைப்பதில்லை. இரவுக் காவலாளியின் விசில் 50 டெசிபலாகத் தேய்ந்து படுக்கையறைக்கு வந்தாலும் உறக்கத்தைக் கலைக்கும், நாடித்துடிப்பை ஏற்றும். சாலைப் போக்குவரத்தின் இரவு இரைச்சல் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் பரிந்துரைத்தது உறக்கத்துக்காகத்தான், செவிப்பறைக்காக அன்று.

சேதம்: வலிமையும் நேரமும்

காதுக்குள் நேரும் சேதத்துக்கு நம் விருப்பு வெறுப்பு தெரியாது. விரும்பிக் கேட்கும் பாட்டாக இருந்தாலும் வெறுத்துக் கேட்கும் விசிலாக இருந்தாலும் மயிர்ச்செல்லுக்கு இரண்டும் ஒன்றே. அது பார்ப்பது எவ்வளவு வலிமை, எவ்வளவு நேரம் என்பதை மட்டும். பணியிட நலனுக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனம் வகுத்த, உலகம் முழுதும் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இது: நாளொன்றுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி நேரம், 94-இல் 1 மணி நேரம், 100-இல் 15 நிமிடம், 115-இல் வெறும் 28 விநாடி.

இந்த அளவுகோலால் நம் விசில்களை அளக்கலாம்.

குக்கர் விசில் ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான். மூன்று விசில், ஒவ்வொன்றும் பத்து விநாடி என்று தாராளமாகவே வைத்தாலும் அரை நிமிடம். அடுப்பருகே நிற்பவர் காதில் அது 100 டெசிபலாகவே விழுவதாக எடுத்துக்கொண்டாலும் அனுமதி 15 நிமிடம். ஆகவே வீட்டுக் குக்கரால் காது கெடுவதில்லை. கைக்குழந்தையை அடுப்பருகே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது சரி. அதற்கு ஆவியும் சூடும் போதிய காரணங்கள்.

காவலர் விசில் வேறு. மிச்சிகன் மாநிலத்து விளையாட்டு நடுவர்களை வைத்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஊதுபவர்களுக்கு விசில் ஒலி 104 முதல் 116 டெசிபல் வரை இருந்தது. பாதுகாப்பின்றி நாளெல்லாம் சேர்த்துக் கேட்கத்தக்க நேரம் விசிலைப் பொறுத்து 5 விநாடி முதல் 90 விநாடி வரைதான் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஓர் ஊதல் அரை விநாடி என்று கொண்டால், 115 டெசிபல் விசிலுக்கு 56 ஊதல்களில் ஒரு நாளைய பங்கு தீர்ந்துவிடுகிறது. தாதர் போன்ற ஒரு சந்திப்பில், அலுவலக நேரத்தில், 56 முறை ஊத எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அங்கே ஒரு முறை நின்று எண்ணிப் பார்த்தாலே தெரியும். ஹாரன், பேருந்துப் பொறி, டிரில் எல்லாம் இதற்கு மேல்.

நடந்து போகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. 1 மீட்டரில் 110 என்றால் 2 மீட்டரில் 104, 4 மீட்டரில் 98, 16 மீட்டரில் 86. இரு பக்கமும் சுவர் நெருங்கிய சந்தில் எதிரொலி சேர்வதால் இவ்வளவு குறையாது என்றாலும், விசிலின் பெரும் சுமையைத் தாங்குவது அதை ஊதுபவரின் காதுதான். நம்மை எரிச்சலூட்டும் அந்த ஒலி, ஊதும் அந்த மனிதருக்கே உண்மையான கேட்டைச் செய்கிறது. போக்குவரத்துக் காவலர்களுக்கு முகக்கவசம் கொடுப்பதைப் பற்றிப் பேசுமளவுக்குக் காதடைப்பான் பற்றி நாம் பேசுவதில்லை.

சேதம் செய்தும் எரிச்சலே தராத ஒலிகளும் இதே ஊரில் நிறைய உண்டு. தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை அரைக்கும் இயந்திரத்தருகே நாள் முழுதும் நிற்கும் தொழிலாளி, "முதல்ல கஷ்டமா இருந்துச்சு, இப்போ பழகிடுச்சு" என்றால், மூளை எரிச்சலை நிறுத்திக்கொண்டது என்று மட்டுமே பொருள். காக்ளியா எதற்கும் பழகுவதில்லை. சில வேளைகளில் அந்தப் பழக்கமே, கேட்கும் திறன் ஏற்கெனவே குறைந்துவிட்டதன் முதல் அடையாளம். விநாயகர் சிலையைக் கரைக்கச் செல்லும் விசர்ஜன ஊர்வலத்தில் ஒலிபெருக்கிச் சுவருக்கு முன்னால் ஆடும் இளைஞருக்கும் எரிச்சல் ஏதும் இல்லை, மகிழ்ச்சிதான். கேட்டவர்கள் திருப்தியோடு திரும்புவதால்தான் இந்த ஒலிகள் விசிலைவிடக் கூடுதலாகக் கவலை தருகின்றன.

ஊர்வலத்திலிருந்து வீடு திரும்பியதும் காது அடைத்தது போலிருந்து, "கொய்ங்" என்று ஓர் ஒலி கேட்டு, ஓரிரு நாளில் சரியாகிவிடுவதைப் பலர் அறிவர். சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைவதற்கில்லை. 2009-இல் அமெரிக்காவின் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டியது இதுதான்: கேட்கும் அளவு முழுவதும் திரும்பிய பிறகும், மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் கணிசமான பங்கு நிரந்தரமாக அழிந்திருந்தது. சாதாரணப் பரிசோதனையில் இது தெரியாது. மனிதர்களிலும் இப்படி நடந்தால், அமைதியான அறையில் தேறிவிடும் காது, கூட்டத்தில் பேச்சைப் பிரித்தறியத் திணறும்.

முதலில் போவது எது

காதுக் குழல் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிப் பெருக்குகிறது. சேதத்தின் உச்சம் அதற்குச் சற்று மேலே விழுகிறது. ஆகவே இரைச்சலால் கெட்ட காதின் ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனின் வரைபடத்தில், 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் பல ஆண்டுகள் தொல்லை தராமலே இருக்கும். சுவர்க்கோழியின் ஒலி காதில் விழாமல் போவது போன்ற சிறு அடையாளங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பிறகு பள்ளம் அகன்று பேச்சைத் தொடுகிறது. தமிழில் உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது. ச, த, ட போன்ற மெய்களை அடையாளம் காட்டும் கீற்று உயர் சுருதிகளில் இருக்கிறது. அந்தக் கீற்று தேய்ந்தால் கடை, சடை, தடை, படை என்ற நான்கு சொற்களுக்கும் முதலெழுத்து கரைந்து, மிஞ்சிய ஓசை ஒன்றுபோல் ஆகிவிடும். மகள் "தட்டு எடுங்கப்பா" என்கிறாள். அப்பாவுக்குப் "பட்டு" என்று விழுகிறது. "பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது அறிவியல் வழியில் மிகத் துல்லியமான வருணனை. ஒலி வருகிறது, மெய்யெழுத்து வரவில்லை. வீட்டில் உள்ளவர்கள் சத்தத்தைக் கூட்டிக் கத்துகிறார்கள்; கத்தும்போது உயிரெழுத்துதான் பெருகுகிறது, மெய் அப்படியே இருக்கிறது. முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசுவது கத்துவதைவிடப் பயன்படும்.

மும்பைத் தமிழருக்கு இதில் ஒரு கூடுதல் சுமையும் உண்டு. ரயில் நிலைய அறிவிப்பு மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தாய்மொழியில் விட்டுப்போன ஓர் எழுத்தை மூளை ஊகித்து நிரப்பிவிடும். பின்னால் கற்ற மொழியில் அந்த ஊகம் அவ்வளவு எளிதில் வராது. ஆகவே கேட்கும் குறை வீட்டில் தெரிவதற்கு முன்பே நடைமேடையில் தெரிந்துவிடும்.

காதுக்குள்ளேயே ஒலிக்கும் விசில்

வெளியில் எந்த ஒலியும் இல்லாதபோது காதுக்குள் சீழ்க்கையோ ரீங்காரமோ கேட்பதற்குக் காதிரைச்சல் என்று பெயர். மருத்துவர்கள் டின்னிட்டஸ் என்பார்கள். காதிலிருந்து வர வேண்டிய செய்தி குறைந்ததும் மூளை தன் ஒலிக் குமிழைத் திருகிக் கூட்டுகிறது. நிலையம் கிடைக்காத வானொலியில் ஒலியைக் கூட்டினால் வரும் இரைச்சலைப் போல உள்ளிருக்கும் நரம்புச் சலசலப்பு ஒலியாகக் கேட்கிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இதை அழிக்க உறுதியான மருந்து எதுவும் இல்லை. கேட்கும் குறைக்கு ஏற்ற கருவி, மனப்பயிற்சி, தூங்கும் அறையில் மின்விசிறி போன்ற மெல்லிய ஒலி ஆகியவை பலருக்கு நிம்மதி தருகின்றன. முழு நிசப்தத்தைத் தேடுவது இதை மிகுதிப்படுத்தும். எரிச்சலுக்கு அஞ்சிப் பகலெல்லாம் காதடைப்பானோடு வாழ்பவர்களுக்கும் இதே கதிதான்: மூளை குமிழை மேலும் திருகிவிடுவதால் சாதாரண ஒலியும் தாங்காமல் போகும்.

காது கேட்கும் கருவி அணிந்தவரிடமிருந்து "கீ" என்று ஒரு விசில் வெளியில் கேட்டால் அது வேறு செய்தி. கருவி பெருக்கிய ஒலி காதின் வாய் வழியே கசிந்து அதன் மைக்குக்குத் திரும்பிப் போகிறது. கருவியைக் காதில் பொருத்தும் அச்சு சரியாகப் பொருந்தவில்லை அல்லது குழலில் குறும்பி அடைத்திருக்கிறது என்று பொருள். கருவியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட வேண்டியதில்லை. கேட்டல் நிபுணரிடம் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சட்டத்தின் எண்கள் எதைக் குறிக்கின்றன

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான அமைதி மண்டலத்தில் 50, 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் பகுதி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75, இரண்டில் எது குறைவோ அதுவே உச்சம். செய்தியில் வரும் 75 இங்கிருந்து வருகிறது. 2025 ஜனவரியில் ஒலிபெருக்கிப் பயன்பாடு எந்த மதத்துக்கும் இன்றியமையாத பகுதியன்று என்று மும்பை உயர் நீதிமன்றம் கூறியதும் இந்த விதிகளைச் செயல்படுத்துவது பற்றித்தான்.

இவை வாழும் சூழலுக்கான எண்கள். உறக்கத்தையும் அமைதியையும் காப்பவை. 85 காதின் உயிரணுவைக் காக்கும் எண். 2020 தொடக்கத்தில் மும்பைப் போக்குவரத்துக் காவல்துறை வெளியிட்ட காணொளி பலருக்கு நினைவிருக்கலாம்: சிக்னலில் நிற்கும் வண்டிகளின் ஹாரன் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அந்த 85-ஐயும் வீட்டு வாசலின் 55-ஐயும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் குழப்பத்தின் வேர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சட்டம் பயன்படுத்தும் அளவீடு தாழ்ந்த சுருதிகளைக் குறைத்து எண்ணுகிறது. 63 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து சுமார் 26 டெசிபலைக் கழித்துவிடுகிறது. விசிலை அது முழுமையாகக் கணக்கில் எடுக்கிறது. டிஜே ஒலிபெருக்கியின் நெஞ்சை அதிரவைக்கும் அடிநாதத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. சன்னல் கண்ணாடி நடுங்கும்போது மீட்டர் சாதுவான எண்ணைக் காட்டினால், புகார் செய்தவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது.

செய்யத்தக்கவை

1. அளக்கும் கருவி இல்லாதபோது கை நீளம் போதும். ஒரு கை நீட்டத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சூழல் ஏறத்தாழ 85-ஐ எட்டியிருக்கும்.

2. லோக்கல் ரயிலில் இயர்ஃபோன். வண்டியின் இரைச்சலை வெல்லப் பாட்டைக் கூட்டுகிறோம். சில கைபேசிகள் 100 டெசிபலையும் தாண்டிக் கொடுக்கும். உலகச் சுகாதார அமைப்பு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது. இரைச்சலை நீக்கும் வகை இயர்ஃபோன் சக்கரங்களின் உறுமலைக் குறைப்பதால் பாட்டைக் குறைத்தே கேட்கலாம். திடீர் விசிலை அது அவ்வளவாகத் தடுக்காது.

3. பஞ்சு பாதுகாப்பன்று, அது சில டெசிபலே குறைக்கும். நுரைக் காதடைப்பானை விரல்களுக்கிடையே உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதிப் பயன்கூட இல்லை. விசில் ஊதுபவர், இயந்திரத்தருகே நிற்பவர், டோல் வாசிப்பவர் அனைவருக்கும் இது தேவை.

4. குறும்பி அழுக்கன்று, குழலின் காவல். மும்பைத் தெருக்களில் கம்பியும் பஞ்சுமாகக் காது சுத்தம் செய்வோரிடமும், வீட்டில் ஹேர்பின், பட்ஸ், சூடான எண்ணெயிடமும் காதைக் கொடுக்க வேண்டாம். அடைத்துக்கொண்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்.

5. ஒரு காதில் திடீரென்று கேட்பது நின்றுவிட்டால் அது அவசரம். குறும்பியாக இருக்கும் என்று ஒரு வாரம் காத்திருந்தால் மருந்து பலிக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்; முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலும், நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் இரைச்சலும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

இரைச்சலில் வேலை செய்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஆடியோகிராம் எடுப்பது நல்லது. ஒலி புகாத சிறு அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை மெல்லிய ஒலிகளைக் கொடுப்பார்கள். கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். வலியில்லை, ஊசியில்லை. மும்பையில் இதற்கென்றே பாந்த்ரா ரெக்லமேஷனில் 1983-இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளிலும் எடுக்கலாம். வரைபடம் கைக்கு வந்ததும் முதலில் 4,000 என்ற இடத்தில் கோடு எப்படிப் போகிறது என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.